52 படகு, ஒரு கடல்: இறால் கணக்குக் கேட்ட வாசகர்களுக்கு

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலில் நடக்கும் இறால் பிடிப்பைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். கேப் யார்க் முனையிலிருந்து மேற்கே கேப் லண்டண்டெரி வரை நீளும் அந்தப் பரப்பில் இன்று உரிமத்தோடு இழுப்பவை 52 படகுகள்தான். எத்தனை நாள் இழுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஒரு பொருளாதார மாதிரி (மாடல்) போட்டுத் தரும் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள், முன்பு 95 ஆக இருந்த படகு 52 ஆகிவிட்டது, குறைத்துப் பிடித்தால் லாபம் அதிகம் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள். திட்டியவர்களில் சிலரும் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார்கள்.

இறால் ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருப்பதே அபூர்வம். இந்த வருடம் எவ்வளவு அள்ளினாலும் மழை நன்றாகப் பெய்தால் அடுத்த வருடம் வந்துவிடும். அதற்குப் போய் எதற்குக் கம்ப்யூட்டர், கணக்கு எல்லாம்?
– நாகப்பட்டினம் வாசகர்

நீங்கள் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதிக்குள்தான் விஷயமே இருக்கிறது.

அங்கே இரண்டு தொழில் நடக்கிறது. ஒன்று வாழைப்பழ இறால் என்று அவர்கள் அழைக்கும் வெள்ளை இறால், ஏப்ரல் முதல் ஜூன் வரை. இன்னொன்று டைகர் இறால், ஆகஸ்ட் முதல் நவம்பர் வாக்கில் வரை. இந்த டைகர், நம் பண்ணைக்காரர்கள் டைகர் என்று சொல்லும் கறுப்பு இறால் அல்ல, அதன் உறவுக்கார இனங்கள். வெள்ளை இறால் முழுக்க முழுக்க மழையை நம்பியது. கார்பெண்டாரியா வளைகுடாவின் கழிமுகங்களில் குஞ்சாக வளர்ந்து, ஆற்றில் வெள்ளம் வரும்போது கடலுக்குத் தள்ளப்பட்டு, அங்கே கூட்டம் கூட்டமாகச் சேரும். அது கிளப்பும் சேறு கடல் மேல் திட்டாகத் தெரியும், அதைக் கண்டுபிடிக்கச் சிறு விமானம் வைத்துத் தேடுவார்கள், கண்டதும் படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். 1974-இல் பெருமழை, பிடிப்பிலும் அது சாதனை வருடம். மழை பொய்த்த வருடம் வெறும் மடிதான் (இழுவலை) மேலே வரும். ஒரு வருடத்துக்கும் இன்னொரு வருடத்துக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் அங்கே சாதாரணம்.

ஆக, இந்த வருடம் கடலில் எத்தனை டன் வெள்ளை இறால் இருக்கும் என்பதைப் படகுகள் முடிவு செய்வதில்லை, மழை முடிவு செய்கிறது. நீங்கள் சொன்னது இங்கே சரி. ஆனால் அந்த இறாலைப் பிடிக்க 50 படகு போனாலும் 250 படகு போனாலும் மொத்தப் பிடிப்பு பெரிதாக மாறாது என்றால், கூடுதலாகப் போன 200 படகின் டீசல், ஐஸ், வலை, வங்கி வட்டி எல்லாம் எதற்கு? சமைத்த சோறு அதேதான், பந்தியில் இலை மட்டும் கூடுகிறது. 1980-களின் தொடக்கத்தில் அந்தக் கடலில் 280-க்கும் மேற்பட்ட படகுகள் இருந்தன. இறால் அழியாமலே தொழில் அழியலாம். பொருளாதாரக் கணக்கு தொடங்குகிற இடம் இது.

டைகர் இறாலின் கதை வேறு. அது இப்படித் திட்டாகச் சேராது, பரவிக் கிடக்கும், ராத்திரியில் இழுப்பார்கள். தாய் இறால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வருடத்துக் குஞ்சு. இதை அளவுக்கு மீறிப் பிடித்தார்கள், பழுப்பு டைகர் இறால் நன்றாகவே குறைந்துபோனது. பிறகு பிடிப்பைக் கட்டுப்படுத்திப் பல வருடம் பொறுத்து மீட்டெடுத்தார்கள்.

அதிகபட்சமாக எவ்வளவு பிடித்தால் இனம் நிலைத்திருக்குமோ அவ்வளவு பிடிப்பது புரிகிறது. அதைவிடக் குறைத்துப் பிடித்தால் லாபம் அதிகம் என்கிறீர்களே, குறைத்துப் பிடித்து எப்படி அதிகம் சம்பாதிப்பது?
– கோவை, பொருளாதாரம் படிக்கும் மாணவி

உங்கள் பாடப்புத்தகத்தில் இது இருக்கும், ஆனால் வளைவு வரைந்து குழப்பியிருப்பார்கள். எண் வைத்துப் பார்ப்போம். இவை நான் கற்பனையாக வைத்த எண்கள், எந்தக் கடலுடையதும் அல்ல.

ஒரு கடல். படகுகளின் எண்ணிக்கையை 4-ஆல் பெருக்குங்கள், அதிலிருந்து எண்ணிக்கையின் வர்க்கத்தை 0.02-ஆல் பெருக்கிக் கழியுங்கள், வருவது மொத்த வருமானம், கோடி ரூபாயில். ஒரு படகை ஒரு வருடம் ஓட்ட 1 கோடி செலவு. 100 படகு போனால் வருமானம் 200 கோடி, இதுதான் உச்சம், இதற்கு மேல் படகு சேர்த்தால் மொத்தப் பிடிப்பே குறையும். செலவு 100 கோடி போக லாபம் 100 கோடி. இப்போது 75 படகு மட்டும் அனுப்புங்கள். வருமானம் 187.5 கோடி, செலவு 75 கோடி, லாபம் 112.5 கோடி. இறால் குறைந்தது, பணம் கூடியது. கடைசி 25 படகுகள் சேர்ந்து கூடுதலாகக் கொண்டுவந்த இறாலின் மதிப்பு 12.5 கோடி, அதற்கு அவை செலவழித்தது 25 கோடி. அவ்வளவுதான் ரகசியம்.

யார் வேண்டுமானாலும் படகு விடலாம் என்று திறந்து வைத்தால்? லாபம் தெரிகிற வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 150 படகு வரை போகும். அப்போது வருமானம் 150 கோடி, செலவும் 150 கோடி. லாபம் சுழி. 75 படகு இருந்தபோது கிடைத்ததைவிட இறாலும் குறைவு, காசும் இல்லை, வேலை மட்டும் இரண்டு மடங்கு. இதை 1954-இல் ஸ்காட் கார்டன் என்ற கனடியப் பொருளாதார அறிஞர் தெளிவாக எழுதிவைத்தார். அதே வருடம் மில்னர் ஷேஃபர் மீன் வளர்ச்சிக்கு ஒரு எளிய சமன்பாடு கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் கார்டன்–ஷேஃபர் மாதிரி என்கிறோம். தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் உடம்பால் அறிந்ததுதான், இருந்தாலும் எண்ணாக எழுதிய பிறகுதான் அதிகாரிகள் காதில் விழுந்தது.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். டீசல் ஏறி, படகுச் செலவு 2 கோடி ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது லாபம் உச்சமாக இருப்பது 50 படகில். கடலில் எதுவும் மாறவில்லை, இறால் இனப்பெருக்கம் மாறவில்லை, பெட்ரோல் பங்கில் போர்டு மட்டும் மாறியது, ஆனால் சரியான படகு எண்ணிக்கை 75-இலிருந்து 50 ஆகிவிட்டது. அதிகபட்சப் பிடிப்பை இலக்காக வைத்தவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணிலேயே படாது, ஏனென்றால் அவர்கள் கணக்கில் செலவு என்ற வரியே கிடையாது.

ஆஸ்திரேலியாவில் அந்த மாதிரிக்குள் என்னவெல்லாம் போடுகிறார்கள்? நம்பலாமா?
– திருச்சி வாசகர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

வங்கிக்காரர் என்றால் உங்களுக்குப் பிடிக்கும். டைகர் இறாலுக்கு வாரக் கணக்கில் ஓடுகிறது அது, வருடக் கணக்கில் அல்ல, ஏனென்றால் ஒரு மாதத்தில் இறால் கண்ணுக்குத் தெரிய வளர்ந்துவிடும், பெரிய இறாலுக்கு விலை அதிகம். சீசன் ஒரு மாதம் தள்ளித் தொடங்கினால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், எடையும் விலையும் கூடும். படகுக்காரர்கள் தினமும் எழுதும் பதிவேடு, தனியாக நடத்தும் கடல் ஆய்வு, அளவுவாரியாக விலை, டீசல், பழுது, பேக்கிங் எல்லாம் உள்ளே போகும். தொழிலாளிக்கு மாதச் சம்பளம் இல்லை, பிடித்து விற்றதில் பங்கு, நம் ஊர் மாதிரியேதான். ஆகவே அந்தச் செலவைத் தனி எண்ணாகப் போடாமல் வருமானத்தில் ஒரு சதவீதமாகப் போடுவார்கள்.

மாதிரியைக் கட்டியது சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர்களும். முடிவெடுப்பது ஏ.எஃப்.எம்.ஏ. என்ற மீன்வள நிர்வாக ஆணையம். லாப உச்சத்தையே இலக்காக வைக்க வேண்டும் என்று 2007-இல் மத்திய அரசுக் கொள்கையாகவே எழுதிவிட்டார்கள். கணக்குப் போடப் போதிய தகவல் இல்லாத இனங்களுக்கும் ஒரு குத்துமதிப்பு வைத்தார்கள்: பிடிக்கவே தொடங்காத காலத்து இருப்பில் 48 சதவீதம் கடலில் இருக்க வேண்டும், 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த இனத்தைக் குறிவைத்துப் பிடிப்பதையே நிறுத்த வேண்டும்.

நம்பலாமா என்றால், எனக்கு மிகப் பிடித்த பகுதியும் சந்தேகம் வரும் பகுதியும் ஒன்றேதான்: ஒரு படகின் ஒரு நாள் என்பது என்ன? 1988-இல் ஒரு படகு ஒரு நாள் இழுத்ததும் 1998-இல் அதே படகு ஒரு நாள் இழுத்ததும் சமமா? ஜி.பி.எஸ். வந்தபோது இதைக் கணக்கெடுத்தார்கள். வெறும் ஜி.பி.எஸ். வைத்த படகு சுமார் 4 சதவீதம் கூடுதலாகப் பிடித்தது, அதோடு படகு போன தடத்தைத் திரையில் வரைந்து காட்டும் பிளாட்டரும் சேர்ந்தால் 7, அதை மூன்று வருடம் பழகிக்கொண்டால் 12 சதவீதம். படகு எண்ணிக்கையும் நாளும் மாறாமலே கடலின் மேல் சுமை ஏறுகிறது. முன்பு எஞ்சின் சக்தியையும் படகின் கொள்ளளவையும் வைத்து உரிமம் கொடுத்துவந்தார்கள், முதலாளிகள் சும்மா இருப்பார்களா, அதற்குள்ளேயே வலையையும் கருவியையும் மேம்படுத்திக்கொண்டே போனார்கள். 2000-இல் முறையை மாற்றி, வலையின் மேல்கயிற்று நீளத்தை உரிமையாகப் பிரித்தார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள், இரண்டு வலை இழுத்தவர்கள் நாலு சிறு வலையாக இழுத்தார்கள். இந்த ஓட்டப்பந்தயம் முடியவே முடியாது. மாதிரி போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் இந்தப் பிடிக்கும் சக்தியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதில் தவறு நடந்தால் மேலே இருக்கிற அழகான சமன்பாடு எல்லாம் வீண்.

விலையும் அப்படித்தான். அடுத்த சில வருடம் டைகர் இறால் என்ன விலைக்குப் போகும், டாலர் எங்கே நிற்கும், டீசல் என்ன ஆகும் என்று ஏதோ ஒன்றை ஊகித்துப் போட்டாக வேண்டும். ஆகவே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. படகு முதலாளியும் அதிகாரியும் விஞ்ஞானியும் ஒரே தாளைப் பார்த்துச் சண்டை போட ஒரு தாள் கிடைக்கிறது, அந்த அளவில் அது பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

கணக்குப்படி குறைப்பதுதான் லாபம் என்றால் ஒரேயடியாகச் சில வருடம் மூடிவிட்டுப் பெருகிய பிறகு பிடிக்கலாமே?
– மதுரை வாசகர்

கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் விட்டால் எளிய மாதிரிகள் அதைத்தான் சொல்லும்! கரையில் கட்டிக் கிடக்கும் படகுக்கும் வட்டி கட்ட வேண்டும், ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவான், வாங்கும் கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விடும். அதனால் ஏழு வருடத்தில் மெல்ல இலக்கை அடைவது என்று வைத்து, அந்தப் பாதையில் கிடைக்கும் லாபத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கூட்டி, அது அதிகமாக இருக்கும்படி டைகர் இறாலுக்குக் கணக்கிடுகிறார்கள்.

படகுக்கு இத்தனை டன் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் தகராறே இல்லையே?
– சென்னை வாசகர்

யோசித்தார்கள், பல வருடம் விவாதித்தார்கள், கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளை இறால் எவ்வளவு வரும் என்று சீசனுக்கு முன்னால் யாராலும் சொல்ல முடியாது. குறைவாக வைத்தால் நல்ல மழை வருடத்தில் இறால் கடலிலேயே செத்துப்போகும், அதிகமாக வைத்தால் கட்டுப்பாடே இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறார்கள். சீசன் நடக்கும்போதே படகுகளின் சராசரி தினப் பிடிப்பைப் பார்க்கிறார்கள். அது ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் சீசனை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். அந்த அளவு நிரந்தரம் இல்லை, அந்த வருடத்து டீசல் விலையையும் இறால் விலையையும் வைத்து மாறும். டீசல் ஏறினால் சீக்கிரம் மூடும், இறால் விலை ஏறினால் கொஞ்சம் நீளும். பத்து வருடத்துக்கும் சேர்த்து ஒரு மாடலை ஓட்டுவதைவிட எனக்கு இது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

லாபம் லாபம் என்கிறீர்கள். 95 படகு 52 ஆனது என்று நீங்களே எழுதினீர்கள். மீதி 43 படகில் வேலை பார்த்தவன் என்ன ஆனான்? அவனுடைய சோறு உங்கள் மாதிரியில் எந்த வரியில் இருக்கிறது?
– தூத்துக்குடி வாசகர், விசைப்படகுத் தொழிலாளி

எந்த வரியிலும் இல்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இது. பண்ணை இறால் உலகமெங்கும் பெருகி விலையை இறக்கியது, டீசல் ஏறியது, ஆஸ்திரேலிய டாலர் பலமானதால் ஏற்றுமதியில் கிடைத்ததும் சுருங்கியது. 2005 நவம்பரில் அந்த நாட்டு மத்திய அரசு, தன் பொறுப்பில் இருக்கும் பல மீன்பிடித் தொழில்களுக்கும் சேர்த்து 22 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. அதில் பெரும்பகுதி, படகு உரிமங்களைத் திரும்ப வாங்கத்தான். வடக்கு இறால் தொழிலில் 95 படகு 52 ஆனது அப்போதுதான். மிஞ்சியவர்களுக்கு லாபம் திரும்பியது. உரிமத்தை விற்றவருக்குப் பணம் வந்தது. டெக்கில் நின்று இறால் தரம் பிரித்தவனுக்கு உரிமமே கிடையாதே, எதை விற்பான்?

மாதிரி கணக்கிடும் லாபம் படகு, உரிமம் வைத்திருப்பவருடைய லாபம். கூலி அதில் செலவு, அதாவது குறைந்தால் நல்லது. கரையில் பதப்படுத்தும் கூடம், ஐஸ் ஆலை, வலை பின்னுபவர், மார்க்கெட்டில் விற்பவர் என்று இறாலைத் தொட்டுப் பிழைக்கும் ஆட்களின் வருமானத்தையும் சேர்த்தால் சரியான பிடிப்பின் அளவு மேலே நகர்ந்து, அதிகபட்சப் பிடிப்பை நெருங்கிவிடும் என்று 2010 வாக்கிலேயே சில ஆய்வாளர்கள் வாதாடினார்கள். எதிர்த்தரப்பு சொல்வது: கரையில் வேலை செய்யும் கூலியும் இயந்திரமும் வேறு இடத்திலும் பயன்படும், அதை எல்லாம் இறாலின் கணக்கில் எழுதுவது தப்பு. வேலைக்குப் பஞ்சம் இல்லாத நாட்டில் அந்தப் பதில் ஓரளவு நிற்கும். படகை விட்டால் சுரங்கத்துக்குப் போகலாம், கட்டட வேலைக்குப் போகலாம். படகை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது என்ற ஊரில் அந்தப் பதில் நிற்காது.

இன்னொரு கசப்பான விஷயமும் உண்டு. படகு குறைந்து லாபம் வந்ததும் உரிமத்தின் விலையும் ஏறிவிடும். அன்றைக்கு உரிமம் கையில் வைத்திருந்தவருக்குத்தான் அந்த லாபம் முழுவதும். நாளைக்குப் புதிதாக வருபவர் அதை விலை கொடுத்து வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் கடலில் உரிமங்கள் பெரும்பாலும் சில நிறுவனங்களின் கையில் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. எத்தனை படகு என்பதற்கு மாதிரி பதில் சொல்லும். யாருடைய படகு என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது, அது அரசியல், அதை மாதிரியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கும் அதிகாரிகளை நம்பாதீர்கள்.

பாக் நீரிணையிலும் இதே டைகர் இறால் இனம் கிடைக்கிறதாமே. அங்கே இந்தக் கணக்கைப் போட்டால் என்ன?
– ராமநாதபுரம் வாசகி

ஆமாம், ஆஸ்திரேலியர்கள் பிடிக்கும் இரண்டு டைகர் இனங்களில் ஒன்று மண்டபம் பக்கத்திலும் நிறையக் கிடைக்கும். இனம் ஒன்று, நிலைமை வேறு. அங்கே 52 பெரிய படகு, ஒரு நாடு, ஒரு ஆணையம், மடியில் வருவதில் காசு கொடுப்பது பெரும்பாலும் இறால். இங்கே ஒரே மடியில் பல வகை மீன் ஏறும், ஆயிரக்கணக்கான படகுகள், நாட்டுப்படகுக்காரர்களின் வலை அறுபடுவது தனிப் பிரச்சினை, நடுவில் சர்வதேச எல்லை. இலங்கை 2017-இல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது, அதைக் கேட்டுப் போராடியவர்கள் அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள்தான்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. அது குஞ்சு பொரிக்கும் காலத்தைக் காப்பாற்றும், ஆனால் தடை முடிந்த அன்றே எல்லாப் படகும் ஒன்றாக இறங்கும், படகு எண்ணிக்கையையோ எஞ்சின் குதிரைத்திறனையோ அது தொடாது. கோவை மாணவிக்குச் சொன்ன எண்களை எடுத்துக்கொண்டால், 150 படகை வருடத்தில் பத்து மாதம் ஓட்டுவதுதான் இது. டீசலுக்கு மானியம் கொடுத்துக்கொண்டே படகு அதிகம் என்று வருத்தப்படுவதும் அப்படித்தான், படகுச் செலவு குறைந்தால் எத்தனை படகு வரை ஏறும் என்பதை அதே சமன்பாட்டில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பாக் நீரிணை இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு 2017-இல் ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் அரசு மானியம். உரிமத்தைத் திரும்ப வாங்குவதற்கு நம் ஊர் வடிவம் என்று சொல்லலாம். ஆனால் கையில் கடன், தெரியாத தொழில், நாள்கணக்கில் கடலில் தங்க வேண்டும், முதலாளி ஆழ்கடலுக்கு மாறினாலும் தொழிலாளி என்ன ஆவான் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது. தூத்துக்குடிக்காரர் கேட்டது இங்கேதான் அதிகம் பொருந்தும்.

கல்லூரி புராஜெக்டுக்கு இந்த மாதிரியை நானே போட்டுப் பார்க்கலாமா? என்ன சாஃப்ட்வேர் வேண்டும்?
– நாகர்கோவில் மாணவர்

எக்செல் போதும். பத்துப் பதினைந்து வருடப் பிடிப்பும் அதற்குச் செலவான முயற்சியும் (எத்தனை படகு, எவ்வளவு நேரம் இழுத்தது என்பது) வேண்டும், கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாகக் கரை சேரும் பிடிப்பைக் கணக்கெடுத்து வருகிறது. ஒரு முயற்சி அலகுக்குக் கிடைத்த பிடிப்பை முயற்சிக்கு எதிராக வரைந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் இறங்குகோடு வரும். செலவுக் கணக்குக்கு யாரும் கொடுத்த பட்டியலை நம்பாமல் நாலு படகு முதலாளிகளிடமும் நாலு தொழிலாளிகளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டு தரப்பும் சொல்லும் பங்குக் கணக்கு ஒன்றாக இருக்காது.

முயற்சியை நாள் கணக்கில் போடாதீர்கள், மணிக்கணக்கில் போடுங்கள். எஞ்சின் மாறிய வருடத்தைத் தனியாகக் குறியுங்கள், பல நாள் தங்கி இழுக்கும் படகையும் அன்றாடம் கரை திரும்பும் படகையும் ஒரே நெடுவரிசையில் கூட்டிவிடாதீர்கள். மழையளவையும் பக்கத்தில் ஒரு நெடுவரிசையாக வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளை இறாலாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.